பேசாதவரின் குரல் என்று திரையில் ஒலிப்பது யாருடைய குரல்? ஆவணப்படக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆவணப்பட இயக்குநர்களுக்கும், ஒளிப்பதிவாளர்களுக்கும், படத்தொகுப்பாளர்களுக்கும், படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிடும் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

என் தம்பிக்கு இப்போது 27 வயது. ஆட்டிசம் உள்ளவர். வாய்ப்பேச்சு அவருக்கு வரவில்லை. வீட்டில் நான் அவரை ஒருமையில்தான் அழைக்கிறேன். பதின்மூன்று வயது மூத்த அக்காவுக்கு அந்த உரிமை உண்டு. இந்த மடலில் 'அவர்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒரு குழுவினர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாட்கள் படம் பிடித்தார்கள். நல்ல மனிதர்கள். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார்கள், செருப்பை வாசலில் விட்டார்கள், தம்பியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பது போன்ற செயல்கள் எதையும் செய்யவில்லை. அவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. ஆகவே பெயர் எழுதவில்லை. ஆனால் இரண்டாம் நாள் பிற்பகலில் நடந்ததை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பியிடம் அப்போது படஅட்டைகள் கொண்ட ஒரு கோப்பு இருந்தது. தண்ணீர், தோசை, மொட்டைமாடி, கழிப்பறை, தலைவலி, போதும் என்று ஏறக்குறைய அறுபது அட்டைகள். வேண்டியதைப் பிய்த்து எடுத்து எதிரில் இருப்பவர் கையில் வைப்பார். அவரைப் பொறுத்தவரை அது சொல்லிவிட்டதற்குச் சமம். அன்று சிறிய கூடத்தில் இரண்டு விளக்குகள், மேலே நீண்ட கழியில் ஒலிவாங்கி, ஐந்து புதிய மனிதர்கள், ஒலிப்பதிவுக்காக நிறுத்தப்பட்ட மின்விசிறி. தம்பி எழுந்து சென்று 'போதும்' அட்டையை ஒளிப்பதிவாளரின் கையில் வைத்தார். அவர் சிரித்து, அன்போடு தலையசைத்து, அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். தம்பி அதை எடுத்து இயக்குநரின் மடியில் வைத்தார். மூன்றாம் முறை என் கையில் கொண்டுவந்து வைத்தார். நானும் "இன்னும் கொஞ்ச நேரம்தான், கண்ணா" என்றேன். அதன் பிறகுதான் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் பால்கனிக் கம்பியில் நெற்றியை மோதத் தொடங்கினார்.

படம் வெளிவந்தபோது அட்டைகள் எதுவும் அதில் இல்லை. பால்கனிக் காட்சி இருந்தது, வேகம் குறைக்கப்பட்டு, வயலின் இசையோடு. மேலே ஒரு குரல்: "தனக்கென ஒரு மௌன உலகில் வாழும் இந்தக் குழந்தை எதையோ சொல்ல நினைக்கிறான், ஆனால் அவனிடம் மொழி இல்லை."

அப்போது அவருக்கு 22 வயது. அவர் சொல்ல நினைத்ததை மூன்று பேரிடம் மூன்று முறை சொல்லி முடித்திருந்தார்.

மொழி இல்லை என்று திரையில் சொல்லப்பட்டது அவருக்கு மொழி இருந்ததைப் பதிவுசெய்த காட்சிகளை நீக்கிய பிறகுதான். இது ஒரு குழுவின் கவனக்குறைவு மட்டும் என்றால் அவர்களுக்கே தனிக் கடிதம் எழுதியிருப்பேன். பேசாத ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி ஏறத்தாழ இருபதாண்டுகளாக உலகம் முழுவதும் எடுக்கப்பட்டுவரும் படங்களை அதன்பின் தேடித்தேடிப் பார்த்தேன். ஒளிப்பதிவும் பணமும் மாறுகின்றன. அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பேசுவது மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டினருக்குப் பள்ளி வயதைக் கடந்த பிறகும் பேச்சு வருவதில்லை, அல்லது சில சொற்களே வருகின்றன என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பேச்சு வராததற்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு மொழியைப் புரிந்துகொள்வதே கடினம். சிலருக்குப் புரிகிறது, நாக்கையும் உதட்டையும் நினைத்தபடி அசைப்பதில் தடை. சிலருக்கு இரண்டும் கலந்தது. படங்களோ பெரும்பாலும் இரண்டு மனிதர்களைத்தான் காட்டுகின்றன. ஒருவர், உள்ளே எதுவுமற்றவர். பெற்றோரின் துயரத்துக்குக் காரணமாக மட்டும் திரையில் இருப்பவர். மற்றவர், உள்ளே ஒரு மாமேதை சிறைப்பட்டிருக்க, சாவி கிடைத்ததும் தத்துவமும் கவிதையுமாகக் கொட்டுபவர். என் தம்பி இருவரில் எவரும் அல்லர். அவருக்கு மழைக்கு முன் வரும் காற்று பிடிக்கும், குக்கர் விசில் பிடிக்காது, அத்தை வீட்டுக்குப் போகும் நாளை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் உள்ள ஒருவருக்கு நீங்கள் வைத்திருக்கும் அந்த இரண்டு இடங்களிலும் இடமில்லை.

முதல் வகைக்கு 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆட்டிசம் எவ்ரி டே' என்ற குறும்படத்தைச் சொல்வேன். அதில் ஒரு தாய், தன் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்திலிருந்து பாய்ந்துவிடலாமா என்று ஒருகாலத்தில் நினைத்ததைச் சொல்கிறார். மகள் அதே அறையில் இருக்கிறாள். அந்தத் தாயின் களைப்பை நான் மறுக்கவில்லை. என் அம்மாவும் "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்" என்று இரவுகளில் கேட்டிருக்கிறார், அந்தக் கேள்விக்கு அரசும் சமூகமும் விடை வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதை அந்த மகள் கேட்கும்படி சொல்லவைத்துப் பதிவுசெய்தது எப்படி நிகழ்ந்தது? பேசாதவருக்குக் காது கேட்காது, கேட்டாலும் புரியாது என்ற நினைப்பு படக்குழுவில் இருந்தவர்களுக்குள் ஆழமாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுவேதான் நடந்தது. "இவருக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்று அம்மாவைக் கேட்டபோது தம்பி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதார். தம்பி எழுந்து வந்து அம்மாவின் முந்தானையை இழுத்தார். முந்தானையை இழுத்ததும் படத்தில் இல்லை.

இரண்டாம் வகையைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. அதைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற குடும்பத்தினர். அதை நம்ப வேண்டும் என்ற ஏக்கம் எனக்குள்ளும் இருக்கிறது.

2004இல் ஜெரார்டின் வுர்ஸ்பர்க் இயக்கிய 'ஆட்டிசம் இஸ் எ வேர்ல்ட்' ஆஸ்கர் விருதுக்கான குறும் ஆவணப்படப் பிரிவில் பரிந்துரை பெற்றது. சூ ரூபின் என்ற பெண்ணைப் பற்றிய படம். பதின்மூன்று வயது வரை அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று கருதப்பட்ட அவர், துணையாளரின் உதவியோடு தட்டச்சு செய்யக் கற்று, கல்லூரிக்குப் போகிறார். படத்தின் உரை அவர் எழுதியது என்று சொல்லப்படுகிறது. அதை வாசிப்பது ஜூலியானா மார்குலீஸ் என்ற நடிகை. அந்த உரையைக் கேட்கும்போது நம் கண்முன் இருப்பது ரூபினின் முகம், காதில் இருப்பது பயிற்சி பெற்ற ஒரு நடிகையின் சீரான குரல். ஒரு வாக்கியத்தைத் தட்ட எத்தனை நிமிடம் ஆயிற்று, பக்கத்தில் இருந்தவர் எங்கே அமர்ந்திருந்தார், அவர் கை எங்கே இருந்தது என்பதையெல்லாம் அந்தக் குரலின் சீர்மை மறக்கச் செய்துவிடுகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், பேசாதவரின் கையையோ மணிக்கட்டையோ ஒருவர் தாங்கிப் பிடிக்க, அவர் எழுத்துகளைத் தட்டும் அந்த முறைக்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன் என்று பெயர் பெற்ற அது ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பவரிடம் தொடங்கி, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிக்லன் வழியாக 1990ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவியது. பிறகு சோதித்தார்கள். தட்டுபவருக்கு ஒரு படமும் கையைப் பிடித்திருப்பவருக்கு வேறொரு படமும், ஒருவருக்குக் காட்டியது மற்றவருக்குத் தெரியாமல், காட்டப்பட்டன. எழுத்தில் வந்தது துணையாளர் பார்த்த படத்தின் பெயர். துணையாளர்கள் ஏமாற்றவில்லை, தம் கை வழிநடத்துவதை அவர்களே அறியவில்லை, உண்மை தெரிந்தபோது சிலர் நொறுங்கிப் போனார்கள். அதே முறையில் வந்த எழுத்துகளை நம்பிப் பெற்றோர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டுக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டதும் அந்த ஆண்டுகளில் நடந்தது. இவற்றையெல்லாம் 1993இல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'பிரிசனர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற ஆவணப்படமே காட்டியது. உங்கள் கலையே அன்று எச்சரித்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே கலை அந்த எச்சரிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு நடந்தது.

இன்று கையைப் பிடிப்பதில்லை, எழுத்துப் பலகையை மட்டும் எதிரில் பிடிக்கிறோம் என்று சொல்லும் முறைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பரவலாக அறியப்பட்டது நம் நாட்டிலிருந்து சென்ற சோமா முகோபாத்யாய் தன் மகன் டிட்டோவுக்குக் கற்பித்த அனுபவத்திலிருந்து உருவாக்கியது. டிட்டோ நூல்கள் எழுதியவர், தானே பென்சில் பிடித்து எழுதக் கற்றவர். அவரை நான் மிகுந்த மரியாதையோடு வாசித்திருக்கிறேன். ஆனால் அவருக்குக் கைகூடியது அதே பலகையின் முன் அமரும் எல்லோருக்கும் கைகூடும் என்று ஆகிவிடாது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் இந்த இரண்டு முறைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. 2020இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார், பலகையைப் பயன்படுத்தும் ஒன்பது பேரின் கண்ணசைவைப் பதிவுசெய்து, விரல் எழுத்தைத் தொடுமுன் கண் அங்கே போய்விடுகிறது, ஆகவே அவர்களே எழுதுகிறார்கள் என்று வாதிட்டார்கள். பலகை அங்கேயும் இன்னொருவர் கையில்தானே இருந்தது என்று மறுத்தவர்களும் உண்டு. விவாதம் முடியவில்லை. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வெட்டாதீர்கள். ஒரு படத்தில் ஒரே ஒரு முறையாவது, எழுதுபவரின் கண், விரல், பலகை, அதைப் பிடித்திருப்பவரின் கை ஆகிய நான்கும் ஒரே சட்டகத்துக்குள் இருக்க, ஒரு முழு வாக்கியம் பிறப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுங்கள். ஆறு நிமிடம் ஆனால் ஆகட்டும். அந்தச் சொல் உண்மையில் அவருடையதாக இருந்தால் இதைவிட வலுவான சான்று அவருக்குக் கிடைக்காது. அவருடையதாக இல்லையென்றால், ஒருவரின் வாயில் மற்றொருவர் சொல்லை வைக்கும் செயலில் நீங்கள் பங்காளி ஆகாமல் தப்புவீர்கள்.

ஜெர்ரி ராத்வெல் இயக்கி 2020இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்ற 'தி ரீசன் ஐ ஜம்ப்' படத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. நவோக்கி ஹிகாஷிடா என்ற ஜப்பானியர் பதின்மூன்று வயதில் எழுதியதாக வெளிவந்த நூலை அடியொற்றிய படம். இந்தியாவின் நொய்டாவில் ஓவியம் வரையும் ஒரு பெண், இங்கிலாந்தில் ஓர் இளைஞர், அமெரிக்காவில் இரு நண்பர்கள், சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் ஒரு சிறுமி என்று உலகைச் சுற்றி வருகிறது. அதன் ஒலி என்னை உலுக்கியது. மின்விசிறியின் சுழற்சி, தகரத்தில் விழும் மழை, மின்கம்பியின் ரீங்காரம் எல்லாம் அளவு பெருகி வந்தபோது, என் தம்பி ஏன் ஒலிபெருக்கி கட்டிய தெருவில் நடக்க மறுக்கிறார் என்பது என் உடம்புக்கே புரிந்தது. ஒரு மனிதரின் புலன் உலகை இப்படிக் கடத்த ஆவணப்படத்தால் முடியும் என்று அந்தப் படம் நிறுவியது, அதற்கு நன்றி. ஆனாலும் நூலாசிரியர் படத்தில் தோன்றவில்லை. அவருடைய வரிகள், வேறு நாடுகளில் வேறு வாழ்க்கை வாழும் ஐந்து பேரின் முகங்கள்மீது குரலாக ஒலிக்கின்றன. நொய்டாப் பெண்ணின் மனத்தில் ஓடுவதும் ஜப்பானியச் சிறுவன் எழுதியதும் ஒன்று என்று யார் சொன்னது? அமெரிக்க நண்பர்கள் இருவரும் பலகையில் எழுதுகிறார்கள். அந்த முறையைச் சுற்றியுள்ள சர்ச்சையைப் படம் தொடவே இல்லை.

இந்தப் பெரிய படங்களைவிட எனக்கு அதிகம் கற்பித்தது, எந்த நிறுவனமும் தயாரிக்காத எட்டரை நிமிடக் காணொளி ஒன்று. மெல் பாக்ஸ் என்ற ஆட்டிசம் உள்ள அமெரிக்கர் 2007இல் தானே எடுத்து இணையத்தில் வெளியிட்ட 'இன் மை லாங்குவேஜ்'. முதல் பகுதியில் சொற்களே இல்லை. ஜன்னலின் முன் அசைந்தாடுகிறார், ஒரே சுருதியில் முனகுகிறார், குழாயிலிருந்து விழும் நீரில் விரல்களை விட்டு அளைகிறார். பிறகு 'மொழிபெயர்ப்பு' என்ற எழுத்து வருகிறது. அவர் தட்டச்சு செய்ததைக் கணினிக் குரல் வாசிக்கிறது. நீரோடு தான் செய்தது எதற்கும் குறியீடு அல்ல, சூழலோடு தான் நடத்தும் உரையாடல் அது என்று விளக்குகிறார். தன் மொழியில் தான் பேசும்போது அதைப் பேச்சு என்று ஏற்காதவர்கள், தங்கள் மொழியைத் தான் கற்றபின் மட்டுமே தன்னை மனிதராக ஏற்கிறார்கள் என்ற அவருடைய கருத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 2020இல் அவர் காலமானார். அந்தக் காணொளியில் முதலில் நம்மைப் பார்க்க வைக்கிறார், விளக்கம் பிறகுதான். நீங்கள் விளக்கத்தை முதல் நொடியிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். நான்கு நிமிடம் இசையும் வர்ணனையும் இல்லாமல் என் தம்பி கொடியில் காயும் துணியை விரலால் சுண்டிவிட்டுப் பார்ப்பதைக் காட்டியிருந்தால், பார்ப்பவர்கள் சலிப்படைந்திருக்கலாம். சிலருக்காவது அந்தத் துணி தெரிந்திருக்கும்.

தமிழில் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் மொழியில் ஒரு மனிதரைக் குறிக்கும் வினைமுற்றிலேயே மதிப்பு தெரிந்துவிடும். 22 வயது இளைஞரை 'குழந்தை' என்றும் 'அவன்' என்றும், அதே படத்தில் அவரைவிட வயது குறைந்த பயிற்சியாளரை 'அவர்' என்றும் சொல்லும்போது பார்வையாளருக்கு நீங்கள் எதைக் கற்பிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'கடவுளின் குழந்தை', 'தனி உலகம்', 'மௌன உலகம்' ஆகிய சொற்களுக்கும் ஓய்வு கொடுங்கள். எங்கள் வீடு மௌனமான வீடு அல்ல. தம்பி காலை ஐந்து மணிக்கே ஓசை எழுப்பத் தொடங்கிவிடுவார், மாடி வீட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் வாழ்வதும் இதே உலகத்தில்தான், இதே தெருவில், இதே மின்வெட்டில்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பாடல்' என்பதற்குத் தரும் வரையறையிலேயே பேச்சுக்கு மாற்றான, துணையான வழிகளைச் சேர்த்திருக்கிறது. ஆகவே 'போதும்' என்ற படஅட்டை சட்டப்படியும் ஒரு சொல். 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது குறித்து நெறிமுறைகள் வகுத்தது. கட்டுக்கதைகளை நம்பியும் சித்தரிக்கக் கூடாது, மறுகோடிக்குப் போய் அதிமனிதர்களாகவும் சித்தரிக்கக் கூடாது, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களும் பங்குபெற வேண்டும் என்றது. ஒப்புதல் படிவத்தில் என் அம்மா கையெழுத்திட்டார். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சட்டப்பூர்வக் காப்பாளர் என்ற முறையில் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கையெழுத்து உங்களை எங்கள் வீட்டு வாசல் வரைதான் கொண்டுவரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் தம்பியிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு வழி தெரியாது என்றால், கேமரா இல்லாமல் இரண்டு மூன்று நாட்கள் வந்து உட்காருங்கள். அவர் எப்படி 'சரி' என்கிறார், எப்படி 'வேண்டாம்' என்கிறார் என்பது தெரிந்துவிடும். அதற்கு நேரமோ நிதியோ இல்லை என்றால் அந்தப் படத்தை எடுக்க வேண்டாம். முதல் தொகுப்பு முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எழுந்து போய்விட்டால், எந்தக் காட்சியில் எழுந்து போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விழாக் குழுவினரிடம் எனக்கு உள்ள வேண்டுகோள் இதைவிடச் சிறியது. பேசாத ஒருவரைப் பற்றிய படம் உங்களிடம் வரும்போது, அதில் அவருடைய சொற்களாக வருபவை எந்த முறையில் கிடைத்தன, ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்று இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது தம்பி அட்டைகளை விட்டுக் கைக்கணினிக்கு மாறிவிட்டார். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ஆவாஸ் என்ற செயலி, தமிழிலும் பேசும். அவர் தட்டுகிறார், அது சொல்கிறது. பிடித்துக்கொள்ள யாரும் வேண்டியதில்லை. அவர் சொல்பவை கவிதைகள் அல்ல. "அக்கா, தண்ணி." "மழை." "வேண்டாம்." நேற்று முதல் முறையாக "அம்மா, தூங்கு" என்று இரண்டு படங்களை அவரே சேர்த்துத் தட்டினார், அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

கடைசியாக, அன்று எங்கள் வீட்டுக்கு வந்த குழுவினர் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் நாள் பிற்பகலின் வெட்டப்படாத பதிவு இன்னும் உங்கள் வன்தட்டில் இருக்கக்கூடும். தம்பி அந்த அட்டையை மூன்று பேரிடம் கொண்டுபோன அந்தச் சில நிமிடங்களை, இசை சேர்க்காமல், இருந்தபடியே எங்களுக்கு அனுப்புங்கள். அதைத் தம்பியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவதாக என்னிடம் அவர் வந்தபோது நான் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தம்பியின் அக்கா,
சென்னை.